பக்கம் ஆக்குதலும் வரலாறு காத்தலும்

(எமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இணையத்தளம் ஒன்றை ஆக்குவது எங்ஙனம் என்பதைத் தொடக்க நிலையில் உள்ளோர்க்கு விளங்கும்படி பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் எம்மைக் கேட்டுக்கொண்டார்கள். பொருள் பெரிது, நேரம் சிறிது. ஆதலின் இரண்டு விடயங்களை மாத்திரம் எடுத்துக்கொள்கின்றோம். வலைப்பக்கம் என்பது யாது, அதனை எழுதுவது எப்படி என்பது ஒன்று. எழுதிய பக்கத்தின் வரலாற்றை இழந்துவிடாமற் காப்பது எப்படி என்பது மற்றொன்று. முன்னையதை ஆர்வமுள்ள எவரும் ஒரு பின்னேரத்திலே கற்றுக்கொள்ளலாம். பின்னையதைச் சொல்லிக்கொடுப்பார் அரியர். எமது சங்கங்களின் தளங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மறைந்துபோவதற்கு அக்குறையே காரணம் என்பது எமது துணிபு.

அந்தக் கதை நீங்கள் அறிந்ததே. சங்கத்திலே கெட்டிக்காரத் தம்பி ஒருவர் இருப்பார். இரவிரவாகக் கண்விழித்துச் சங்கத்துக்குத் தளம் ஒன்று செய்து தருவார். விழாப் படங்கள், பழைய மலர்களில் வந்த கட்டுரைகள், நிருவாகசபை விபரம் எல்லாம் அதில் ஏறும். பின்பு தம்பிக்குக் கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ பயணம் சரிவரும். தம்பி போவார், கடவுச்சொல்லும் அவரோடு போகும். ஆண்டுக் கட்டணம் பற்றிய அறிவித்தல், அவர் இப்பொழுது திறந்து பாராத மின்னஞ்சல் முகவரி ஒன்றுக்குப் போய்ச் சேரும். ஒருநாள் தளம் திறவாது. புதிய நிருவாகசபை புதிய தம்பி ஒருவரைத் தேடும். முதல் தம்பியிற் குற்றம் காண்பது நியாயமன்று. அவர் செய்த வேலையை இன்னொருவர் ஏற்று நடத்தத்தக்க முறையில் வைத்துப் போகும்படி நாம் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

வலை என்பதே இத்தகைய துன்பம் ஒன்றைத் தீர்ப்பதற்குப் பிறந்தது என்பதை அறிந்தால் நீங்கள் வியப்பீர்கள். சுவிற்சர்லாந்தில் ஜெனீவா நகருக்கு அருகே செர்ண் என்னும் அணுத்துகள் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. பல நாட்டு அறிஞர்கள் அங்கே வருவார்கள், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தங்குவார்கள், போய்விடுவார்கள். அவர்கள் அறிந்திருந்தவையும் அவர்களோடு போய்விடும். அங்கே பணியாற்றிய ரிம் பேர்னேர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர், இந்த இழப்பைச் சுட்டிக்காட்டி, இதனைத் தடுப்பதற்கு ஒரு வழியை 1989ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் எழுதித் தம் மேலாளரிடம் கொடுத்தார். ஆவணங்களை ஒன்றோடொன்று இணைப்புகளாற் கோத்துவிட்டால், எழுதினவர் போனபின்பும் வருகின்றவர் நூலைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்பதே அவர் எண்ணம். 1990ஆம் ஆண்டு முடிவதற்குள் அவர் முதலாவது உலாவியையும் முதலாவது வழங்கியையும் செய்து முடித்தார். அந்த வழங்கி ஒரு மேசைக் கணினியே. இதனை நிறுத்தவேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதிய துண்டு ஒன்று அதில் ஒட்டப்பட்டிருந்தது. 1993 ஏப்பிரல் 30இல் செர்ண் நிலையம் இந்த மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகத்துக்கு விட்டுக்கொடுத்தது. நாம் இன்று அனுபவிப்பது அந்தக் கொடையையே.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2013ஆம் ஆண்டில் அதே நிலையத்தார், உலகின் முதலாவது தளத்தைப் பழைய முகவரியிலே மீண்டும் நிறுவ முயன்றபோது, அவர்கள் தொடக்கத்தில் எடுத்து வைக்க இயன்ற பிரதி 1992ஆம் ஆண்டினது! அதற்கு முந்திய நிலைகளை வெளியே தேடவேண்டியதாயிற்று. பக்கத்தைத் திருத்துந்தோறும் பழையதன்மேற் புதியது எழுதப்பட்டது, பழையது அழிந்தது. அறிவு அழியாதிருக்கவேண்டும் என்று வலையை ஆக்கிய இடத்திலேயே இது நிகழ்ந்தது என்றால், எமது ஊர்ச் சங்கத்தின் தளத்தைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

இனி, பக்கம் என்பது யாது என்று பார்ப்போம். நீங்கள் முகவரியை இட்டதும் உலாவி அந்த முகவரிக்குரிய வழங்கியிடம் ஒரு கோப்பைக் கேட்கின்றது. வழங்கி அதனை அனுப்புகின்றது. உலாவி அதனை வாசித்துத் திரையிலே வரைகின்றது. இவ்வளவே. அந்தக் கோப்பு வெறும் எழுத்துக்களால் ஆனது. அதிலே எச்.ரி.எம்.எல். என்னும் குறிகள் இருக்கும். இது தலைப்பு, இது பந்தி, இது படம், இது வேறொரு பக்கத்துக்குச் செல்லும் இணைப்பு என்று ஒவ்வொரு பகுதிக்கும் முன்னும் பின்னும் கோணவடிவ அடைப்புக்குள் எழுதிவைக்கும் அடையாளங்களே அவை. அச்சகத்துக்குக் கொடுக்கும் கையெழுத்துப் பிரதியின் ஓரத்திலே, இது பெரிய எழுத்து, இங்கே புதுப் பந்தி என்று பென்சிலாற் குறித்துக் கொடுத்த பெரியோர்கள் இச்சபையில் இருக்கின்றார்கள். அவர்கள் எச்.ரி.எம்.எல். தெரிந்தவர்களே என்று நாம் துணிந்து கூறுவோம்.

பக்கத்தின் நிறம், எழுத்தின் அளவு, ஓரத்து வெளி முதலிய ஒப்பனைகளைச் சி.எஸ்.எஸ். என்னும் வேறொரு கோப்பிற் சொல்லவேண்டும். அசைவும் வினாவிடையும் வேண்டுமாயின் ஜாவாஸ்கிரிப்ற் என்பது உண்டு. 1995இல் அதன் முதல் வடிவத்தைப் பிரென்டன் ஐக் என்பவர் பத்து நாட்களில் எழுதினார். தொடக்கக்காரர் இதனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சங்கத்தின் அறிக்கைகளையும் மலர்களையும் வெளியிடுவதற்கு முதலிரண்டுமே போதும். ஓடும் எழுத்துக்களும் மின்னும் விளக்குகளும் தேரோட்டக் கடைத்தெருவுக்கு அழகு. படிக்கவேண்டிய பக்கத்துக்கு அல்ல.

தமிழ்ப் பக்கம் எழுதுவோர் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. முன்னாளில் பாமினி முதலிய எழுத்துருக்களைக் கொண்டு தட்டச்சுச் செய்தோம். அங்கே கோப்பிற்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்து. எழுத்துரு அதற்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். யுனிகோட் என்னும் உலகப் பொது முறையிலே 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. அதிலே ககரம் எங்கும் ககரமே. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று, சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கலாநிதி கு. கல்யாணசுந்தரம் அவர்கள் தொண்டர்களைச் சேர்த்துத் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி இலவசமாக அளித்தனர். அவர்களும் பழைய குறியாக்கங்களில் இருந்தவற்றை யுனிகோட்டுக்கு மாற்றவேண்டியிருந்தது. ஆகவே பக்கத்தின் தலைப்பகுதியிலே, இக்கோப்பு யு.ரி.எப்.-8 முறையிலானது என்னும் ஒரு வரியையும், மொழி தமிழ் என்னும் குறிப்பையும் மறவாது எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாமையால் எத்தனையோ நல்ல கட்டுரைகள் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாய்த் தோன்றக் கண்டிருக்கின்றோம்.

இனி இரண்டாவது விடயத்துக்கு வருகின்றோம். மலர்க்குழுவில் இருந்தவர்களுக்கு இது தெரியும். கணினியிலே 'மலர் இறுதி' என்று ஒரு கோப்பு இருக்கும். அதன் கீழே 'மலர் இறுதி 2' இருக்கும். அதற்கும் கீழே 'மலர் உண்மையான இறுதி' இருக்கும். அச்சகத்துக்குப் போனது இவற்றுள் எது என்பது ஒருவருக்கும் தெரியாது. வாழ்த்துரையிலே ஒரு பெயர் விடுபட்டுப் போகும். யார் நீக்கியது, எப்பொழுது நீக்கியது, வேண்டுமென்றா தவறியா என்று இரண்டு மாதம் மனத்தாபம் நடக்கும்.

இந்த நோய்க்கு மருந்து எமது சங்கத்திலேயே இருக்கின்றது. செயலாளரின் மேசையிலுள்ள கூட்ட அறிக்கைப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். சென்ற கூட்டத்தில் எழுதியதை ஒருவரும் கிழித்தெறிவதில்லை. பிழையிருந்தால் அடுத்த கூட்டத்திலே, இன்ன பக்கத்தில் இன்னது இன்னவாறு திருத்தப்படுகின்றது என்று புதிதாக எழுதுவார்கள். திகதி இருக்கும், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்பது இருக்கும். பதிப்புக் கட்டுப்பாடு என்று கணினித்துறையார் வழங்குவது இதுவே. கோப்புகளுக்கு ஓர் அறிக்கைப் புத்தகம். ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்பொழுது, எதற்காகச் செய்தார் என்னும் குறிப்போடு அது வரிசையாக வைத்திருக்கும். வேண்டிய நாளின் நிலையை மீண்டும் எடுத்துத் தரும்.

இரண்டு பிரதிகளை ஒப்புநோக்கி வேறுபாடு காண்பதும் எமக்குப் புதிய கலையன்று. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையைப் பதிப்பிப்பதற்குப் பல இடத்து ஏடுகளையும் தேடி எடுத்து, வரிவரியாக ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டார்கள். ஏடு பெயர்த்தெழுதினவர்கள் எதை ஏன் மாற்றினார்கள் என்று ஒரு குறிப்பும் எழுதிவைக்காமையால் அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. இன்றைய கருவி அந்த ஒப்பீட்டை ஒரு கணத்திற் செய்துவிடும். ஏன் மாற்றினோம் என்பதை மட்டும் அது தானாக அறியாது. அதனை நாம்தான் எழுதவேண்டும்.

இக்கருவிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்றை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் றொச்கைன்ட் என்பவர் 1972இல் ஆக்கினார். பின்பு வேறு சில வந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் புத்தகம் ஒன்றே. அது ஓரிடத்திலேயே இருக்கும். செயலாளர் வீட்டுக் கதவு பூட்டியிருந்தால் ஒருவரும் எழுத முடியாது. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதிவந்தனர். 2002 முதல் அவர்கள் ஒரு கொம்பனியின் கருவியை இலவசமாகப் பயன்படுத்தினர். 2005இல் அந்த இலவச அனுமதி நிறுத்தப்பட்டது. லினக்ஸின் கர்த்தாவான பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் ரோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில் தாமே ஒரு கருவியை எழுதத் தொடங்கினார். சில நாட்களுள் அது தன் வரலாற்றைத் தானே பதியத்தக்க நிலையை அடைந்தது. அதுவே கிற். யூலை மாதத்தில் அதன் பராமரிப்பை ஜுனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் தம் வேலைக்குத் திரும்பினார். நான்கு மாதத்துக்குள் ஒரு பெரும் பொறுப்பு கைமாறியது. வேலை ஒருநாளும் நிற்கவில்லை. கைமாறுவதற்கென்றே அக்கருவி அமைந்திருந்தது என்று சொன்னாலும் மிகையாகாது.

கிற்றிலே புத்தகம் ஒவ்வொருவர் கையிலும் முழுமையாக இருக்கும். இன்றைய பக்கம் மட்டுமன்று, முதல் நாள் தொட்டு வந்த வரலாறு முழுவதும். ஒருவர் கணினி கறையானுக்கும் வெள்ளத்துக்கும் போனாலும் மற்றவர் கையில் அனைத்தும் உண்டு.

பயன்படுத்தும் முறை அரிதன்று. முதலில் உங்கள் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கிற்றுக்குச் சொல்லிவைக்கவேண்டும். அவை ஒவ்வொரு பதிவிலும் சேரும். பின்பு தளத்தின் கோப்புறைக்குள் நின்று, ஆங்கில எழுத்தில் 'கிற் இனிற்' என்று தட்டினால் புதிய புத்தகம் திறக்கப்படும். பக்கத்தை எழுதிச் சேமித்தபின் 'கிற் அட்' என்று கோப்பின் பெயரோடு இட்டால், இது இந்தப் பதிவில் இடம்பெறட்டும் என்று எடுத்து மேசையில் வைத்ததாகும். 'கிற் கொமிற்' என்றால் பதிவு நிகழும். 'கிற் லொக்' என்றால் இதுவரை நடந்த பதிவுகள் வரிசையாகத் தோன்றும். 'கிற் டிவ்' என்றால் இன்னும் மேசையில் வைக்காத மாற்றங்கள் வரிவரியாகத் தெரியும். தொடக்கத்துக்கு இந்த ஐந்து கட்டளைகள் போதும். மற்றவை வேண்டும்போது வந்து சேரும்.

பதிவு செய்யும்போது கிற் உங்களிடம் ஒரு குறிப்புக் கேட்கும். இங்கேதான் எமது வாலிபர்கள் சோம்புகின்றார்கள். 'மாற்றம்' என்று எழுதுவார்கள். 'திருத்தம்' என்று எழுதுவார்கள். சிலர் ஒரு புள்ளி வைத்துவிடுவார்கள். அறிக்கைப் புத்தகத்திலே 'கூட்டம் நடந்தது' என்று மாத்திரம் எழுதிய செயலாளரை நாம் மறுமுறை தெரிவு செய்வோமா? 'பொருளாளர் பதவி விலகியமையால் நிருவாகசபைப் பட்டியலில் பெயர் மாற்றப்பட்டது' என்று எழுதுங்கள். ஐந்து ஆண்டு கழிந்து, உங்களை அறியாத ஒரு தங்கை அந்தத் தளத்தை ஏற்று நடத்த வருவார். அவருக்கு நீங்கள் எழுதும் கடிதம் அது. எந்த வரியை மாற்றினீர்கள் என்பதைக் கருவி காட்டிவிடும். காரணத்தை உங்களைத் தவிர வேறொருவரும் சொல்லமாட்டார்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் கிற் ஒரு பெயர் இடுகின்றது. அது இலக்கமும் எழுத்துமாக நாற்பது குறிகள் கொண்டது. பதிவின் உள்ளடக்கத்திலிருந்தே கணித்துப் பெறப்படுவது. முந்திய பதிவின் பெயரும் அக்கணிப்பிற் சேரும். ஆகையால் பழைய பதிவு ஒன்றிலே ஒரு புள்ளியை மாற்றினாலும் அதன் பெயரும், அதன் பின்வந்த எல்லாப் பதிவுகளின் பெயரும் மாறிவிடும். மற்றவர் கையிலுள்ள பிரதியோடு ஒப்பிட்ட மாத்திரத்தில் அது வெளியாகும். கணக்குப் புத்தகத்தில் இரகசியமாகத் தாள் மாற்ற நினைப்பவருக்கு இது உகந்த முறையன்று.

முயற்சிக்காகச் செய்யும் வேலையைத் தனிக் கிளையிலே செய்யலாம். நன்றாயின் அடிமரத்தோடு இணைக்கலாம், இல்லையேல் விட்டுவிடலாம். இணைக்கும்போது இருவர் ஒரே வரியை இருவிதமாக மாற்றியிருந்தால் என்ன நடக்கும்? கிற் எவர் பக்கமும் சாயாது. இருவரது வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, இடையிலே குறியிட்டு, நீங்களே பேசித் தீருங்கள் என்று நிறுத்திவிடும். புதியவர்கள் இதனைக் கண்டு அஞ்சுகின்றார்கள். அஞ்சவேண்டியதில்லை. மலர்க்குழுவிலே மூடிவைத்துப் பின்பு விழா மேடையில் வெடிக்கும் பிணக்கை விட, முன்கூட்டியே விரித்துக் காட்டப்படும் பிணக்கு எவ்வளவோ மேல்.

புத்தகத்தின் பிரதியை வெளியிடத்தில் வைப்பதற்கு 2008இல் தொடங்கிய கிற்ஹப் முதலிய நிலையங்கள் உள. நல்ல வசதி, ஆயினும் அது பிறர் காணி என்பதை மறக்கவேண்டாம். கிற்ஹப்பை 2018இல் மைக்ரோசொவ்ற் வாங்கியது. கிற்லாப் என்னும் மற்றொரு நிலையத்தில் 2017 ஜனவரி 31 இரவு, களைத்திருந்த பொறியியலாளர் ஒருவர் வேறொரு கணினி என்று எண்ணி, இயங்கிக்கொண்டிருந்த தரவுத்தளத்தையே அழிக்கத் தொடங்கிவிட்டார். ஓரிரு கணத்தில் உணர்ந்து நிறுத்தியபோது ஏறக்குறைய 300 கிகாபைற்றில் 4.5 கிகாபைற்றே மிஞ்சியிருந்தது. பாதுகாப்புப் பிரதி எடுப்பதற்கென்று வைத்திருந்த ஐந்து வழிகளும் கைகொடுக்கவில்லை. பரீட்சைக்காக ஆறு மணித்தியாலம் முன்னர் எடுத்த ஒரு பிரதியே காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணித்தியாலக் குறிப்புகளும் உரையாடல்களும் போயின. ஆனால் மக்கள் கிற்றில் வைத்திருந்த கோப்புகளும் அவற்றின் வரலாறும் தப்பின. அந்நிறுவனத்தார் நடந்ததை மறையாது உலகறிய எழுதியமையால் நாம் இதனை அறிகின்றோம், அவர்களைப் பாராட்டவேண்டும். பாதுகாப்புப் பிரதி எடுத்தால் மட்டும் போதாது. இடையிடையே அதனைத் திறந்து பார்க்கவும் வேண்டும் என்று அன்று கற்றார்கள்.

முகநூல் இருக்க இவ்வளவு பாடு எதற்கு என்று ஒரு பெரியவர் எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஜியோசிற்றீஸ் என்று ஓர் இலவச இடம் இருந்தது. 1994இல் தோன்றியது, பின்பு யாகூ அதனை வாங்கியது. எங்கள் பிள்ளைகளிற் பலர் முதலாவது பக்கத்தை அங்கேதான் எழுதினார்கள். 2009 ஒக்ரோபரில் யாகூ அதனை மூடியது. இலட்சக்கணக்கான பக்கங்கள் ஒரே நாளிற் போயின. தொண்டர்கள் சிலர் ஓடியோடிப் பிரதியெடுத்துக் காத்தவையே எஞ்சின. குத்தகைக் காணியிலே பந்தல் போடலாம், கல்வீடு கட்டக்கூடாது. முகநூலில் விழா அறிவித்தல் போடுங்கள். மலரையும் அறிக்கையையும் சொந்தப் பெயருள்ள தளத்தில் வையுங்கள். 2010 முதல் தமிழ் எழுத்திலேயே '.இலங்கை' என்று முடியும் முகவரியும் எமது நாட்டுக்கு உண்டு.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கிற் எதையும் மறப்பதில்லை என்றோம். அது நன்மையும் தீமையுமாகும். கடவுச்சொல்லையோ, உறுப்பினரின் அடையாள அட்டை இலக்கத்தையோ, நன்கொடையாளரின் வங்கிக் கணக்கையோ ஒருமுறை பதிந்துவிட்டால், மறுநாள் அழித்தாலும் முந்திய பதிவில் அது இருந்துகொண்டேயிருக்கும். பொதுவிடத்துக்கு அனுப்பியபின் பிறர் பிரதி எடுத்திருக்கலாம். அவ்வாறு கடவுச்சொல் வெளிப்பட்டால் வரலாற்றைத் துடைக்கப் பாடுபடுவதற்கு முன்னர், உடனே அக்கடவுச்சொல்லை மாற்றிவிடவேண்டும். பெரிய ஒளிப்படங்களையும் காணொளிகளையும் கூடக் கிற்றிலே குவிக்கவேண்டாம். அவை வேறு பெட்டியில் இருக்கட்டும். எழுத்துக் கோப்புகளுக்கே அது சிறந்தது.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். இனிச் செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகின்றோம். தளத்தின் கணக்குகளைத் தம்பியின் பெயரில் அன்றிச் சங்கத்தின் பெயரிலே திறவுங்கள். சங்கத்துக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி வையுங்கள். தலைவர், செயலாளர் இருவரும் அதன் திறவுகோலை அறிந்திருக்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் பொறுப்பு ஒப்படைக்கும் கூட்டத்திலே, வங்கிப் புத்தகத்தோடும் முத்திரையோடும் தளத்தின் முழு வரலாறும் அடங்கிய பிரதி ஒன்று புதியவர் கணினியில் இறக்கப்பட்டுத் திறந்து காட்டப்பட்டது என்று அறிக்கைப் புத்தகத்தில் ஒரு வரி எழுதப்படட்டும். முகவரியின் கட்டணம் எந்த மாதத்தில் முடிகின்றது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அக்கட்டணத்தை ஆண்டு விழாவுக்கு முந்திய மாதத்திலேயே கட்டிவிடுமாறு தனாதிகாரி அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். விழா முடிந்தபின் அவருடைய பெட்டியில் என்ன மிஞ்சும் என்பது இச்சபை அறிந்ததே.